ஆலைவாயிலிலிருந்து கல்லூரிக்கு

வணிக நிருவாகம் என்னும் பாடத்தை இன்று நம் கல்லூரிகளில் மாணவர் பலர் விரும்பிப் பயில்கின்றனர். இளங்கலை வகுப்பிலும் அது உண்டு. முதுகலை வகுப்பிலும் உண்டு. அதன் ஒரு பிரிவுக்கு மனிதவள மேலாண்மை என்று பெயர். ஆட்களைத் தேர்ந்தெடுத்தல், பயிற்றுதல், ஊதியம் வகுத்தல், குறை கேட்டல், பிணக்குத் தீர்த்தல் ஆகியவை அப்பிரிவில் அடங்கும். அதனைக் கற்பிப்பவர்களுள் நானும் ஒருவன். ஆண்டுதோறும் புதிய வகுப்பில் மாணவரிடம் நான் ஒரு வினாவைக் கேட்பது வழக்கம். இந்தப் பாடம் எங்கே பிறந்தது என்பதே அவ்வினா. அமெரிக்காவில் என்று பெரும்பாலோர் சொல்வர். ஒரு சிலர் திருக்குறளைச் சுட்டுவர். இரண்டு விடைகளிலும் உண்மை உண்டு. ஆயினும் இரண்டும் சேர்ந்தும் முழு விடை ஆகமாட்டா. நம் நாட்டில் இப்பாடம் கல்லூரிக்குள் வந்த வழி வேறு. அவ்வழி ஆலைவாயிலில் தொடங்குகிறது. அதனை இன்று ஒருமுறை நடந்து பார்ப்போம்.

முதலில் திருக்குறளைப் பற்றி ஒரு சொல். தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என இரண்டு அதிகாரங்களை வள்ளுவர் பொருட்பாலில் அமைத்துள்ளார். ஒருவனை ஆராய்ந்து தெளிவதும், தெளிந்தபின் அவனுக்கு ஏற்ற வினையை ஒப்படைப்பதும் அங்கே பேசப்படுகின்றன. அவை அரசன் தன் வினையாளரைத் தேர்ந்தெடுக்கும் முறைகள். அவற்றின் பயன் இன்றும் குறையவில்லை. ஆனால், ஐயாயிரம் பேர் ஒரே சங்கொலிக்கு எழுந்து, ஒரே வாயிலில் நுழைந்து, இயந்திரத்தின் வேகத்துக்கு ஈடுகொடுத்து உழைக்கும் ஒரு வாழ்க்கையை அக்காலம் அறியாது. அந்த வாழ்க்கை நீராவி ஆலையோடு வந்தது. அதனோடு வந்த இடர்களும் புதியவை.

அந்த இடர்களை அமெரிக்கர் அறிவியலால் தீர்க்க முயன்றனர். 1881ஆம் ஆண்டில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் ஜோசப் வார்ட்டன் என்னும் தொழிலதிபரின் நன்கொடையால் ஒரு வணிகப் பள்ளி தோன்றியது. 1908இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் தன் வணிகப் பள்ளியைத் தொடங்கியது. அதே காலத்தில் ஃபிரடெரிக் டெய்லர் என்னும் பொறியியலார், கடிகாரத்தைக் கையில் பிடித்துத் தொழிலாளியின் ஒவ்வோர் அசைவையும் அளந்துகொண்டிருந்தார். பெத்லகேம் எஃகு ஆலையில் நாளொன்றுக்குப் பன்னிரண்டரை டன் இரும்புப் பாளம் சுமந்த ஆளை நாற்பத்தேழரை டன் சுமக்கச் செய்ததாக 1911இல் வெளிவந்த தம் நூலில் அவர் எழுதினார். வேலை ஏறத்தாழ நான்கு மடங்கு ஆயிற்று. கூலியோ 1 டாலர் 15 செண்டிலிருந்து 1 டாலர் 85 செண்டாக உயர்ந்தது. மாணவருக்கு இக்கணக்கை நான் கரும்பலகையில் எழுதிக் காட்டுவேன். இரண்டு விகிதங்களையும் அருகருகே வைத்து நோக்கினால், அந்த ஆண்டிலேயே வாட்டர்டவுன் நகரத்துப் படைக்கலச் சாலையில் தொழிலாளர் ஏன் கடிகாரத்தை எதிர்த்து வேலையை நிறுத்தினர் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

பின்னர், 1924 முதல் 1932 வரை சிகாகோ நகரை அடுத்த ஹாதார்ன் ஆலையில் நீண்ட ஆராய்ச்சி ஒன்று நடைபெற்றது. விளக்கொளி கூடினால் வேலை கூடுமா என்று தொடங்கிய அவ்வாராய்ச்சி, மனிதரின் மனத்தில் வந்து முடிந்தது. உடன் உழைப்பவரின் உறவும், தம்மை மதித்து ஒருவர் கேட்கிறார் என்னும் உணர்வும் உழைப்பின் போக்கை மாற்றுகின்றன என்று எல்டன் மேயோ முதலியோர் விளக்கினர். அவர்களின் முடிவுகளைப் பின்வந்தோர் பலவாறு மறுத்துள்ளனர். எனினும் தொழிலாளியை எலும்பும் தசையுமாக மட்டுமே எண்ணிய காலம் அத்துடன் முடிவுற்றது.

இவ்வளவும் நம் பாடநூல்களில் முதல் அதிகாரமாக உள்ளன. இனி நான் சொல்லப்போவது அவற்றில் பெரும்பாலும் இல்லாதது.

1918ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். முதல் உலகப் போர் இன்னும் முடியவில்லை. விலைவாசி ஏறிக்கொண்டிருந்தது. ஆமதாபாத் நகரில் முந்திய ஆண்டு கொள்ளைநோய் பரவியபோது, தொழிலாளர் ஊரைவிட்டு ஓடாதிருக்கும் பொருட்டு ஆலை முதலாளிகள் மிகைப்படி ஒன்றைக் கொடுத்து வந்தனர். நோய் தணிந்ததும் அதனை நிறுத்தினர். விலையோ தணியவில்லை. நெசவாளர் கூலி உயர்வு கேட்டனர். அவர்கள் பக்கம் நின்று பேசியவர் அனசூயா சாராபாய் என்னும் பெண்மணி. எதிர்ப்பக்கத்தில் ஆலை முதலாளிகளுக்குத் தலைமை தாங்கியவர் அம்பாலால் சாராபாய். அனசூயா அக்காள், அம்பாலால் தம்பி.

இளமையில் பெற்றோரை இழந்து, குழந்தை மணத்தின் துன்பத்தையும் கண்டு, தம்பியின் துணையால் இங்கிலாந்து சென்று படித்து மீண்டவர் அனசூயா. ஒரு நாள் ஆலையிலிருந்து உயிரற்ற பிணங்களைப் போல நடந்துவந்த பெண்களைக் கண்டு விசாரித்தபோது, அவர்கள் தொடர்ந்து 36 மணி நேரம் உழைத்துவிட்டு வருவதாக அறிந்தார். அன்று தம் வாழ்வின் பணி எதுவென்று தெளிந்ததாகப் பிற்காலத்தில் அவரே நினைவுகூர்ந்திருக்கிறார். அவருடைய வேண்டுகோளினால் காந்தியடிகள் இவ்வழக்கில் தலையிட்டார்.

ஈண்டு ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொழிலாளர் கேட்டது நூற்றுக்கு 50 விழுக்காடு. முதலாளிகள் தர முன்வந்தது 20. காந்தியடிகள் உடனே ஒரு பக்கத்துக் கோரிக்கையை ஏற்றுக்கொண்டு போராடவில்லை. ஆலைகளின் நிலையையும், பிற ஊர்களின் கூலியையும், விலைவாசியையும் ஆராய்ந்தார். 35 விழுக்காடு நியாயம் என்று முடிவு செய்தபின், அதனைத் தொழிலாளரையும் ஏற்கச் செய்தார். கதவடைப்பு பிப்ரவரி 22இல் தொடங்கியது. சபர்மதி ஆற்றங்கரையில் ஒரு வேலமரத்தடியில் தொழிலாளர் நாள்தோறும் கூடினர். மார்ச்சு 15இல் காந்தியடிகள் உண்ணாநோன்பு தொடங்கினார்; மூன்றாம் நாள் உடன்பாடு ஏற்பட்டது. வழக்கு நடுவர் ஒருவரிடம் விடப்பட்டது. அவர் இறுதியில் வழங்கிய தீர்ப்பும் 35 விழுக்காடே. 1920இல் ஆமதாபாத்தில் நெசவுத் தொழிலாளர் சங்கம் நிலைபெற்றது. இரு தரப்பும் பேசித் தீராததை நடுவரிடம் விடும் முறை அந்நகரில் வேரூன்றியது. இன்று நம் மாணவர் ஊதிய நிருணயம், கூட்டுப் பேரம், நடுவர் தீர்ப்பு என்று தனித்தனிப் பாடங்களாகப் படிப்பவை அனைத்தும் அந்த வேலமரத்தடியில் ஒருங்கே நிகழ்ந்தன.

ஆமதாபாத்தில் உடன்பாடு ஏற்பட்ட ஆறு வாரங்களுக்குள், சென்னைப் பெரம்பூரில் மற்றொரு கதை தொடங்கியது. பக்கிங்காம், கர்நாடிக் என்னும் இரு பெரும் பஞ்சாலைகளின் தொழிலாளர் குறைகளைச் செல்வபதி செட்டியார், இராமானுஜுலு நாயுடு ஆகியோர் வெளிக்கொணர்ந்தனர். அவர்களின் முயற்சியால் 1918 ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி. வாடியா தலைவரானார். திரு.வி.க. தம் தமிழால் அச்சங்கத்துக்கு உயிரூட்டினார். முறையாக அமைந்த தொழிற்சங்கங்களுள் நம் நாட்டில் அதுவே முதலாவது என்பர். அவர்களின் முதற் குறைகளுள் ஒன்று எவ்வளவு எளியது என்பதைக் கேளுங்கள். நண்பகல் உணவுக்கு விடப்பட்ட அரைமணி நேரம் போதவில்லை என்பதே அது. வாயிலுக்கு ஓடி, கைகழுவி, உண்டு, திரும்பி ஓடி வருவதற்கு இன்னும் சில நிமிடங்கள் வேண்டும் என்று கேட்டார்கள்.

ஆமதாபாத்தில் கிடைத்த நடுவர் சென்னைக்குக் கிடைக்கவில்லை. கதவடைப்புகள் தொடர்ந்தன. தொழிலாளரை ஒப்பந்தம் மீறத் தூண்டினார் என்று ஆலை நிருவாகம் வாடியாமீது வழக்குத் தொடுத்தது. 1920இல் உயர்நீதிமன்றம் தடையாணை வழங்கியது. 1921இல் நிகழ்ந்த நீண்ட வேலைநிறுத்தம் துப்பாக்கிச் சூட்டிலும், தொழிலாளருக்குள்ளேயே சாதிப் பிளவிலும் சென்று முடிந்தது. ஆனால் அத்துன்பங்கள் வீண்போகவில்லை. ஒரு சங்கத்தின் தலைவரையே நீதிமன்றத்தில் நிறுத்த முடியும் என்னும் நிலையைக் கண்ட என்.எம். ஜோஷி முதலியோர் சட்டப் பாதுகாப்புக் கோரினர். 1926இல் தொழிற்சங்கச் சட்டம் நிறைவேறியது.

இப்போராட்டங்களுக்கெல்லாம் அடியில் ஒரு வேர் இருந்தது. அக்காலத்தில் ஆலைக்கு ஆள் சேர்த்தவர் யார்? முதலாளி அல்லர், மேலாளரும் அல்லர். மேஸ்திரியே ஆள் சேர்த்தார். வேலை கொடுப்பவரும் அவரே, விடுப்புத் தருபவரும் அவரே, விலக்குபவரும் அவரே. வேலை கிடைக்க மாமூல். கிடைத்த வேலை நிலைக்க மாமூல். பல இடங்களில் வட்டிக்குக் கடன் கொடுத்தவரும் அவரேதான். நிருவாகத்துக்கும் தொழிலாளிக்கும் இடையே இருந்த ஒரே பாலம் அந்தச் சுங்கச் சாவடிதான்.

1929இல் நியமிக்கப்பட்டு, விட்லி என்பார் தலைமையில் நாடெங்கும் சுற்றி, 1931இல் அறிக்கை அளித்த அரசுத் தொழிலாளர் ஆணைக்குழு இவ்வேரைச் சுட்டிக்காட்டியது. ஆள் சேர்க்கும் அதிகாரத்தையும் விலக்கும் அதிகாரத்தையும் மேஸ்திரியிடமிருந்து எடுத்துவிட வேண்டும்; அதற்கெனத் தொழிலாளர் அலுவலர் ஒருவரை ஒவ்வோர் ஆலையும் அமர்த்த வேண்டும்; அவர் நேர்மையும் தொழிலாளரின் மொழியறிவும் உடையவராக இருத்தல் வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. இன்று மனிதவள மேலாளர் என்று நாம் அழைப்பவரின் முன்னோர் இவரே. கையூட்டு வாங்கும் மேஸ்திரிக்கு மாற்றாக நம் நாட்டில் அப்பதவி பிறந்தது. இதனை மாணவர் நன்கு மனத்தில் இருத்த வேண்டும்.

பதவி பிறந்துவிட்டது. அதற்குத் தகுதியுடையவரை எங்கே தேடுவது? 1936இல் பம்பாயில் சர் தோராப்ஜி டாட்டாவின் அறக்கட்டளை உதவியால் சமூகப் பணிக்கான பட்டமேற்படிப்புப் பள்ளி ஒன்று தொடங்கியது. கிளிஃபோர்டு மேன்சார்ட் அதன் முதல் இயக்குநர். அது தொடங்கிய இடம், ஆலைத் தொழிலாளரும் ஏழை மக்களும் நெருங்கி வாழ்ந்த நாக்பாடாப் பகுதி. தொழிலாளர் நலம் அங்கே பாடமாயிற்று. அப்பள்ளியே 1944 முதல் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் என்று பெயர்பெற்றது.

விடுதலைக்குப்பின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. 500 பேரும் அதற்கு மேலும் பணிசெய்யும் ஒவ்வொரு தொழிற்சாலையிலும் நல அலுவலர் இருத்தல் வேண்டும் என்று அதன் 49ஆம் பிரிவு விதித்தது. அவருக்குரிய கல்வித் தகுதியை மாநில அரசுகள் விதிகளால் வரையறுத்தன. சட்டம் இவ்வாறு கல்லூரிக் கதவைத் திறந்தது. 1949இல் ஜாம்ஷெட்பூரில் இயேசு சபைத் துறவியர் சேவியர் தொழிலுறவு நிறுவனத்தைத் தொடங்கினர். 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவ் முதலியோரின் முயற்சியால் சென்னைச் சமூகப் பணிப் பள்ளி தோன்றியது.

அக்கால விதிகளில் ஒரு நுட்பமும் இருந்தது. நல அலுவலர் நிருவாகத்தின் சார்பாக நின்று தொழிலாளர்மேல் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கவோ, பிணக்கு விசாரணையில் தொழிலாளருக்கு எதிராக வாதாடவோ கூடாது என்று சில மாநிலங்களின் விதிகள் தடுத்தன. சம்பளம் தருபவர் முதலாளி. ஆயினும் அவர் சார்பில் வழக்காடக்கூடாது. இஃது எளிதான நிலை அன்று. எனினும் இரு தரப்பாரும் நம்பத்தக்க ஓர் ஆள் ஆலைக்குள் வேண்டும் என்று சட்டம் கருதியது தெளிவு.

இது ஒரு கால்வாய். மற்றொன்று வணிகக் கல்வி என்னும் கால்வாய். 1886இல் சென்னையில் பச்சையப்பன் அறநிலையத்தார் வணிகப் பள்ளி நடத்தினர். 1913இல் பம்பாயில் சிடன்ஹாம் வணிகக் கல்லூரி ஏற்பட்டது. கணக்கு, வங்கி, சரக்குப் போக்குவரத்து ஆகியவையே அங்கே பாடம். மனிதர் பேரேட்டில் கூலிக் கணக்காக மட்டுமே வந்தனர். 1953இல் கல்கத்தாவில் சமூக நலம், வணிக நிருவாகம் இரண்டையும் பெயரிலேயே இணைத்த நிறுவனம் ஒன்று தோன்றியது. இரு கால்வாய்களும் கலக்கும் என்பதற்கு அப்பெயரே முதல் அறிகுறி.

மீண்டும் ஆமதாபாத்துக்கு வருவோம். சாராபாய் குடும்பத்தின் காலிகோ ஆலையில் தானியங்கித் தறிகளை நிறுவினர். தறி புதிது, விளைவு பழையதே. 1953இல் லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த ஏ.கே. ரைஸ் இதனை ஆராய வந்தார். 29 பேர் அத்தறிகளைப் பார்த்துக்கொண்டனர். அவர்களுக்குள் 12 வகையான வேலை. ஊடை நூல் நிரப்புபவர் ஒருவர், அறுந்த இழையைச் செப்பனிடுபவர் ஒருவர், நெய்பவர் மற்றொருவர். ஒவ்வொருவருக்கும் ஒதுக்கப்பட்ட தறிகளின் எண்ணிக்கை வேறு வேறாக இருந்தமையால், யாருக்கு யார் துணை என்றே தெரியவில்லை. ஒரு குழுவினரே குறிப்பிட்ட சில தறிகளுக்கு முழுப்பொறுப்பும் ஏற்றால் என்ன என்னும் எண்ணம் முன்வைக்கப்பட்டது. மேற்பார்வையாளர் வழியே அதனை அறிந்த தொழிலாளர், ஆணை வரும்வரை காத்திராமல், தாமே குழுக்களை அமைத்துக்கொண்டு வந்து நின்றனர். நாளடைவில் விளைவு உயர்ந்தது. துணியில் பழுது குறைந்தது. தம் வேலையை ஒழுங்கு செய்யும் அறிவு தொழிலாளரிடமே இருந்தது. அதனைக் கேட்க ஒருவர் வேண்டியிருந்தது.

1961இல் கல்கத்தாவிலும் ஆமதாபாத்திலும் இந்திய மேலாண்மை நிறுவனங்கள் தோன்றின. ஆமதாபாத் நிறுவனம் ஹார்வர்டு வணிகப் பள்ளியோடு கூட்டுறவு கொண்டது. அதனை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர் விக்ரம் சாராபாய். அவர் அம்பாலாலின் மைந்தர். வேலமரத்தடிப் போராட்டம் நிகழ்ந்த மறு ஆண்டில் பிறந்தவர். அனசூயா அவருக்கு அத்தை. அந்நிறுவனத்தின் முதல் ஆசிரியரான கமலா சௌத்ரி, அதற்கு முன் ஆமதாபாத் நெசவுத் தொழில் ஆராய்ச்சிச் சங்கத்தில் ஆலைத் தொழிலாளரின் உளவியலை ஆராய்ந்தவர். ஹார்வர்டிலிருந்து முறை வந்தது. ஆனால் விதை விழுந்த மண் நெடுநாள் உழப்பட்டிருந்தது.

பின்னர்ப் பெயர்கள் மாறின. தொழிலாளர் நலம் என்றிருந்தது பணியாளர் நிருவாகம் ஆயிற்று. 1970களின் நடுவில், ஆமதாபாத் நிறுவனத்தின் உதய் பாரிக், டி.வி. ராவ் ஆகிய இருவரின் ஆலோசனையால் லார்சன் டூப்ரோ நிறுவனம் மனிதவள மேம்பாட்டுக்குத் தனித்துறை வகுத்தது. 1985இல் மைய அரசின் கல்வி அமைச்சகமே மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் என்று பெயர் மாற்றப்பட்டது. 2020இல்தான் கல்வி என்னும் பழைய பெயரை அது மீண்டும் பெற்றது.

மனிதரை வளம் என்று சொல்லலாமா? நிலமும் நீரும் நிலக்கரியும் வளம். அவற்றைத் தோண்டி எடுக்கலாம். தீர்ந்தால் வேறிடம் தேடலாம். மனிதரையும் அவ்வரிசையில் வைப்பது தகுமா என்று என் மாணவருள் சிலர் கேட்பதுண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் 1954இல் தம் நூலில் இச்சொல்லைக் கையாண்ட பீட்டர் டிரக்கர், பிற வளங்களிலிருந்து மனிதரை வேறுபடுத்திக் காட்டவே அதனைக் கையாண்டார். உழைப்பதா வேண்டாவா, எவ்வளவு, எவ்வாறு என்பதை முடிவு செய்பவன் உழைப்பவனே என்பது அவர் கருத்து. ஆகவே குறை சொல்லில் இல்லை. சொல்லின் வரலாற்றை மறந்துவிடுவதில் உள்ளது.

மறந்தால் என்ன ஆகும்? பழைய மேஸ்திரி புதிய உடையில் வருவார். இன்று பல தொழில்களில் ஆள் சேர்ப்பது ஒப்பந்தக்காரர் கையில் இருக்கிறது. ஒரே கூரையின்கீழ் ஒரே வேலையைச் செய்யும் இருவருள் ஒருவர் பெயர் நிறுவனத்தின் ஏட்டில் உள்ளது. மற்றவர் பெயர் ஒப்பந்தக்காரரின் ஏட்டில் உள்ளது. மனிதவளத் துறையின் கணக்கில் முதலாமவர் மட்டுமே மனிதர் ஆகிறார். வேறு சில இடங்களில் வேலையைப் பகிர்ந்தளிப்பது கணினி. அதனிடம் குறை சொல்ல வாயில் இல்லை. விளக்கம் கேட்க ஆள் இல்லை. டெய்லரின் கடிகாரம் கையிலிருந்து கைப்பேசிக்கு இடம் மாறியிருக்கிறது. இவற்றைச் சீர்செய்யும் பொறுப்பு, நாளை இப்பாடத்தைப் படித்துவிட்டு வெளியே வரும் இளைஞரைத்தான் சாரும். நேர்காணலில் எப்படிப் பேசுவது என்பதையும், மதிப்பெண் அட்டவணையை எப்படி நிரப்புவது என்பதையும் மட்டும் அறிந்த ஒருவர் இப்பொறுப்பை உணரமாட்டார். பெரம்பூரையும் சபர்மதிக் கரையையும் அறிந்தவர் உணர்வார்.

ஆதலால் என் வேண்டுகோள் சிறியது. வணிக நிருவாகம் கற்பிக்கும் கல்லூரிகள், டெய்லரின் கணக்கைச் சொல்லும் அன்றே 35 விழுக்காட்டின் கணக்கையும் சொல்ல வேண்டும். ஹாதார்ன் ஆலையின் விளக்கொளியைச் சொல்லும்போது காலிகோ ஆலையின் தறிகளையும் சொல்ல வேண்டும். மாணவரை ஆண்டுக்கு ஒருமுறையேனும் மேலாளரின் அறைக்கு மட்டுமன்றி, உணவு இடைவேளையில் தொழிலாளர் அமரும் இடத்துக்கும் அழைத்துச் செல்ல வேண்டும். அங்கே எத்தனை நிமிடத்தில் உண்கிறார்கள் என்று அவர்கள் கேட்டு அறியட்டும். 1918இல் நம் சென்னைத் தொழிலாளர் கேட்ட கேள்வி அதுதான். அதற்கு நேர்மையான விடை தேடுவதற்காகவே இந்தப் பாடம் நம் கல்லூரிகளுக்குள் வந்தது.